துண்டில் எழுதுவிப்பதா, கடையில் வாங்குவதா? லண்டன் பாமசிக் கவுண்டரில் இருந்து

“பிள்ளை, பனடோலை டொக்டர் எழுதித் தந்தால் சும்மாதானே, பிறகு நான் ஏன் காசு குடுப்பான்?”

கிழமைக்கு ஒருக்காவது இந்தக் கேள்வி என் காதில் விழும். வடமேற்கு லண்டனில் ஒரு சின்னப் பாமசியில் பத்தொன்பது வருசமாக டிஸ்பென்சராக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கட ஆட்கள். கடைசியாக இதைக் கேட்ட ஐயாவுக்கு எழுபத்தொரு வயது. இங்கிலாந்தில் அறுபது தாண்டியவருக்கு, டொக்டர் எழுதித் தருகிற துண்டில் வருகிற மருந்தெல்லாம் இலவசம் என்பதால் அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பனடோலுக்காகக் காலை எட்டு மணிக்கு சர்ஜரிக்கு, அதாவது டொக்டரின் கிளினிக்குக்கு, போன் எடுத்து, நீங்கள் வரிசையில் இருபத்திமூன்றாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லச் சொல்ல, முக்கால் மணித்தியாலம் போனைக் காதில் வைத்திருந்திருக்கிறார். கடைசியில் டொக்டர் “கடையில் வாங்குங்கோ” என்றுவிட்டார். அதே மருந்து, கம்பனிப் பெயர் இல்லாத பரசிட்டமோல், பதினாறு குளிசை, சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பவுணுக்கும் குறைவு.

எதைத் துண்டில் கேட்கலாம், எதைக் கேட்டு மினக்கெடத் தேவையில்லை, காசு கட்ட வேண்டியவர் எப்படிக் குறைத்துக் கட்டலாம் என்று கவுண்டரில் நின்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பின்னால் வரிசை நிற்கும்போது முழுக்கச் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், டொக்டர் ஏன் எழுதமாட்டேன் என்கிறார்? 2018 மார்ச்சில் இங்கத்தைய அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் இங்கிலாந்து ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. தடிமன், இருமல், பொடுகு, பேன், வாய்ப்புண், வெயில் பட்ட தோல், எப்போதாவது வருகிற மலச்சிக்கல் என்று 35 சின்ன வருத்தங்களுக்கு, கடையில் வாங்கக்கூடிய மருந்தை வழமையாக எழுத வேண்டாம் என்று அதில் இருக்கிறது. 2017 ஜூன் வரையான ஒரு வருடத்தில் இப்படியான மருந்துகளுக்கு என்எச்எஸ் செலவழித்தது ஏறத்தாழ 569 மில்லியன் பவுண். இந்த வழிகாட்டல் இலவசமாக மருந்து எடுக்கிறவருக்கும் பொருந்தும். “எனக்குத்தான் எல்லாம் சும்மாவே” என்று டொக்டரோடு வாதாடிப் பலன் இல்லை.

ஆனால் அதே வழிகாட்டலில் விலக்குகளும் இருக்கின்றன. பலருக்கு இது தெரியாது, சில சமயம் வரவேற்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும் தெரியாது. நீண்டகால வருத்தத்துக்கு ஒழுங்காக எடுக்கிற மருந்து என்றால் எழுதலாம். கடையில் விற்கிற பெட்டியின் அனுமதி உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் எழுதலாம். உதாரணமாக ஹைட்ரோகோர்ட்டிசோன் ஒரு வீதக் கிறீம் கடையில் கிடைக்கும். ஆனால் முகத்துக்கு, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, கர்ப்பிணிக்கு என்றால் நாங்கள் விற்க மாட்டோம், டொக்டரிடம்தான் போக வேண்டும். தானாக வாங்கிப் பாவிக்க முடியாத நிலையில் இருப்பவர் என்று டொக்டர் கருதினாலும் எழுதலாம்.

ஐயாவின் பனடோல் கதை இதில்தான் மாறியது. தலையிடிக்கு என்று நினைத்து விட்டிருந்தேன். விசாரித்துப் பார்த்தால், இரண்டு முழங்காலிலும் வாதம், ஒவ்வொரு நாளும் எட்டுக் குளிசை. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு எட்டுத்தான் ஆகக் கூடினது. 1998 இலிருந்து சாதாரண கடைகளில் ஒரு பெட்டியில் பதினாறு, பாமசியில் முப்பத்திரண்டு என்று கட்டுப்பாடு இருக்கிறது. முப்பத்திரண்டு அவருக்கு நாலு நாளைக்கு வரும். அவர் துண்டில் கேட்பது முழு நியாயம். போனில் “பனடோல் வேணும்” என்று மட்டும் சொன்னதுதான் பிழைத்துப்போனது. “முழங்கால் வாதத்துக்கு ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன், மாதாந்த மருந்தோடு சேர்த்துத் தாருங்கள்” என்று சொல்லச் சொன்னேன். அடுத்த மாதம் வந்த பையில் இருந்தது. (தடிமனுக்குச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கிற தூள் பக்கெற்றுகளிலும் பெரும்பாலும் பரசிட்டமோல்தான் இருக்கிறது. குளிசையையும் தூளையும் சேர்த்து எடுக்காதீர்கள்.)

இனி காசு கட்டுகிறவர்கள். 2024 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண். துண்டுக்கு இல்லை, மருந்துக்கு. ஒரு துண்டில் மூன்று மருந்து இருந்தால் 29.70.

கட்டுவதற்கு முன் உங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அறுபது வயது, பதினாறுக்குக் கீழ், முழுநேரம் படிக்கிற பதினாறு முதல் பதினெட்டு, கர்ப்பிணிகளும் பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதம் ஆகாதவர்களும் என்பதெல்லாம் ஓரளவு எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் காசு கட்டுவது வருத்தத்துக்கான விலக்கு உள்ளவர்கள்தான். தைரொக்சின் எடுக்கிற தைரொய்ட் குறைபாடு, குளிசையோ இன்சுலினோ எடுக்கிற நீரிழிவு, தொடர்ந்து மருந்து எடுக்கிற வலிப்பு, புற்றுநோய் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் சமாளிக்கிற நீரிழிவு இதில் சேராது. சர்ஜரியில் எஃப்.பி.92ஏ என்ற படிவத்தைக் கேளுங்கள். டொக்டர் கையெழுத்து வைத்து அனுப்பினால் ஐந்து வருடத்துக்கு ஒரு சான்றிதழ் வரும். அதற்குக் காசு இல்லை. அது தைரொய்ட் மருந்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், தோலுக்குப் பூசுகிற கிறீம் வரை எல்லாத் துண்டுக்கும் செல்லும். எங்கள் கடைக்கு வருகிற ஒரு அன்ரி தைரொக்சினுக்கு மாதாமாதம் காசு கட்டி வந்தவர். “எத்தனை வருசமா?” என்று கேட்டேன். “மூத்தவன் யுனிவர்சிற்றி போன நேரம் தொடங்கினது” என்றார். மூத்தவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

சான்றிதழ் முடிகிற திகதியைப் போனில் போட்டு வையுங்கள். நான் பாமசியில் வேலை செய்தும் என் வீட்டிலேயே இது பிழைத்தது. கணவருக்கு நீரிழிவு. வீடு மாறினோம், புது விலாசத்தை அறிவிக்கவில்லை, நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். முடிந்துபோன சான்றிதழை வைத்து அவர் ஒரு மருந்தை எடுத்திருக்கிறார். கட்டணம் 9.90, அபராதம் அதன் ஐந்து மடங்கு, மொத்தம் 59.40. கூடினால் அபராதம் நூறு பவுண் வரை போகும். “நீ பாமசியில என்ன செய்யிறனி?” என்ற கேள்வியை இன்றுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் இல்லாதது என்ன தெரியுமா? ஆஸ்துமா. பிரஷரும் கொலஸ்ட்ரோலும்கூட இல்லை. அந்தப் பட்டியல் 1968 இல் போட்டது, 2009 இல் புற்றுநோயைச் சேர்த்தார்கள். மற்றபடி என் வயதை ஒத்த பட்டியல்.

போன பனிக்காலம் ஒரு தம்பி வந்தார், இருபத்தினாலு வயதிருக்கும், பண்டகசாலையில் இரவு வேலை. நீல இன்ஹேலர், மண்ணிறத்தில் ஒன்று, எக்ஸிமாவுக்கு ஒரு கிறீம். 29.70 என்றேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அன்ரி, இதில எது முக்கியம்? மற்றதுகளை சம்பளம் வரவிட்டு எடுக்கிறன்.” நான் வாய் திறக்கும் முன்னமே நீலத்தைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவுடன் மூச்சு இலேசாகிற மருந்து அது. விட்டுவிட்டுப் போகப் பார்த்த மண்ணிறம்தான் நெஞ்சுக்குள் வீக்கம் ஏறாமல் ஒவ்வொரு நாளும் காப்பது. காசு கட்டுகிறவர் விடுகிற மருந்து எப்போதும் இப்படித்தான் இருக்கும். விட்டால் உடனே ஒன்றும் தெரியாது.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முற்கொடுப்பனவுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.பி.சி. (PPC) என்பார்கள். மூன்று மாதத்துக்கு 32.05 பவுண், ஒரு வருடத்துக்கு 114.50. அந்தக் காலத்துக்குள் எத்தனை மருந்து எடுத்தாலும் வேறு காசு இல்லை. மூன்று மாதத்தில் நாலு மருந்து, அல்லது வருடத்தில் பன்னிரண்டு எடுத்தாலே இலாபம். தம்பி அன்றைக்குக் கட்டவிருந்ததை விட 2.35 மட்டும் கூடக் கட்டி மூன்று மாதத்துக்கு எடுத்தார். கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று போனிலேயே வாங்கினார், இலக்கம் வந்தது, மூன்றையும் கொண்டு போனார். வருடத்துக்கு எடுப்பவர் பத்துத் தவணையாகவும் கட்டலாம். மாதவிடாய் நிற்கிற காலத்து ஹோர்மோன் மருந்துகளுக்கு மட்டும் என்றால் தனியே 19.80 பவுணுக்கு ஒரு வருடச் சான்றிதழ் இருக்கிறது.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் 28 நாளுக்கு மருந்து வருகிறது என்றால், வருத்தம் ஒரு நிலையில் இருக்கிறவர் 56 நாளுக்குத் தர முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். அளவு எவ்வளவானாலும் கட்டணம் ஒன்றுதான். கேட்டவர்களில் பலருக்குக் கிடைத்திருக்கிறது.

விலக்கு இருக்கிறதா என்று நிச்சயம் இல்லாவிட்டால் துண்டில் ‘விலக்கு உண்டு’ என்கிற கட்டத்தில் புள்ளடி போடாதீர்கள். அன்றைக்குக் காசைக் கட்டிவிட்டு எஃப்.பி.57 பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கட்டும்போதே கேட்க வேண்டும், பிறகு வந்து கேட்டால் எங்களால் தர முடியாது. மூன்று மாதத்துக்குள் காட்டிக் காசைத் திரும்ப எடுக்கலாம்.

வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்புங்கள். சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டாதிருக்க வேண்டும். முழு உதவி கிடைத்தால் எச்.சி.2 வரும், அது பல்லுக்கும் கண் பரிசோதனைக்கும்கூட உதவும். பகுதி உதவிக்கான எச்.சி.3 வந்தால் மருந்துக்கு உதவாது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பணம் எடுக்கிற எல்லாருக்கும் இலவசம் என்று நினைத்து மாட்டுப்பட்டவர்கள் நிறைய. கடைசிக் கணக்கு மாதத்தில் உழைப்பு 435 பவுணுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான பகுதியோ வேலை செய்ய இயலாமைக்கான பகுதியோ சேர்ந்திருந்தால் 935. மாதத்துக்கு மாதம் மாறும், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

காசு கட்டுகிறவர் சின்ன மருந்துக்குத் துண்டோடு வந்தால், “இதை வெளியில வாங்கினால் மலிவோ?” என்று கேளுங்கள். நாங்கள் சொல்வோம். ஹே ஃபீவர் என்கிற மகரந்த ஒவ்வாமைக்கு செட்டிரிசின் குளிசையைத் துண்டில் 9.90 கொடுத்து எடுப்பது வீண், அலுமாரியில் அதைவிட எவ்வளவோ மலிவாக இருக்கிறது.

டொக்டரிடம் போகாமலே பாமசியில் பார்க்கக்கூடியவையும் உண்டு. 2024 ஜனவரி 31 இலிருந்து இங்கிலாந்தில் பாமசி ஃபர்ஸ்ட் என்ற திட்டம் நடக்கிறது. தொண்டை நோ, சைனஸ், பிள்ளைகளின் காதுத் தொற்று, பூச்சிக்கடி பழுத்தல், பெண்களுக்கு வருகிற சாதாரண சிறுநீர்த் தொற்று, தோலில் வருகிற இம்பெட்டைகோ, அக்கி என்று ஏழு வருத்தங்கள். தேவையென்றால் பாமசிஸ்ட்டே அன்ரிபயோட்டிக் தரலாம். ஆலோசனைக்குக் காசில்லை, மருந்துக்கு வழக்கமான கட்டணம்.

கார்டிஃபில் இருக்கிற என் தங்கச்சி இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். வேல்ஸில் 2007 ஏப்ரலிலிருந்து யாருக்கும் மருந்துக் கட்டணம் இல்லை. வட அயர்லாந்தில் 2010, ஸ்கொட்லாந்தில் 2011. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் பேன், வயிற்றோட்டம் போன்ற சின்ன வருத்தத்துக்கும் பாமசிஸ்ட்டே பார்த்து இலவசமாக மருந்து கொடுக்கிற திட்டம் இருக்கிறது. இங்கிலாந்திலும் 1948 இல் எல்லாம் இலவசமாகத்தான் தொடங்கியது. 1952 இல் ஒரு ஷில்லிங் வந்தது, 1965 இல் எடுத்தார்கள், 1968 இல் திரும்பப் போட்டார்கள்.

என்னைக் கேட்டால், நீண்டகால வருத்தத்துக்கு எழுதுகிற மருந்துக்குக் காசு வாங்குவது அநியாயம். இங்கிலாந்தில் கொடுக்கப்படுகிற மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஏற்கெனவே இலவசமாகத்தான் போகிறது. மூன்று வீடு வைத்திருக்கிற அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு இலவசம், அந்த இரவு வேலைத் தம்பிக்கு 29.70. ஆனால் பொடுகு ஷாம்புவுக்கு டொக்டரின் பத்து நிமிடத்தைக் கேட்பது எனக்கும் உடன்பாடில்லை. மூன்று பிள்ளைக்கும் பேன் பிடித்து, கையில் காசில்லாமல் வருகிற அம்மாவுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவரை டொக்டரிடம் அனுப்பினால் டொக்டர் என்னிடம் அனுப்புவார். வேல்ஸ் மாதிரி எங்கள் பாமசியிலேயே கொடுத்துவிட அனுமதி இருந்தால் ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, பையை வாங்கியதும் கடைக்குள்ளேயே திறந்து பாருங்கள். வீட்டில் குவிந்திருக்கிற மருந்து திரும்பவும் வந்திருந்தால் அங்கேயே தந்துவிடுங்கள். வாசலைத் தாண்டிப் போன மருந்து திரும்பி வந்தால், பெட்டி உடைக்காவிட்டாலும் அழிக்க வேண்டியதுதான், வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாது.

படிவம் நிரப்ப உதவி தேவையென்றால் உங்கள் பாமசியில் கேளுங்கள், திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம். அன்றைக்குச் சனி ஞாயிறு சேர்ந்த துண்டெல்லாம் வந்து குவியும். செவ்வாய் பின்னேரம் நல்லது, மூன்று மணிக்குப் பிறகு.