போலந்தை எடுத்து ஆடும்போது எல்லோரும் வழுக்கும் இடம்

யுரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற வரலாற்றுக் கணினி விளையாட்டில் முதன்முறை போலந்தை எடுத்தபோது, ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே யாரை மன்னராக்குவது என்று கேள்வி வந்தது. லித்துவேனியாவை ஆளும் காசிமிர் ஒரு பக்கம், உள்ளூர்ப் பிரபு மறுபக்கம். வெளியாள் எதற்கு என்று உள்ளூர்ப் பிரபுவின் பொத்தானை அழுத்திவிட்டேன். வரைபடத்தில் போலந்தைவிடப் பெரிதாக விரிந்து கிடந்த லித்துவேனியா போரே இல்லாமல் என் பக்கம் வர இருந்தது, அதை நானே தள்ளிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த ஆட்டம் 1444 நவம்பர் 11-இல் தொடங்குகிறது. முந்தைய நாள்தான் வர்னா போரில் ஒட்டோமன் படையிடம் போலந்தின் மன்னர் மூன்றாம் விளாடிஸ்லாவ் இறந்திருந்தார். வயது 20, பிள்ளை இல்லை. தம்பி காசிமிர் 1440 முதலே லித்துவேனியாவின் கிராண்ட் டியூக், அதாவது அந்த நாட்டை ஆள்பவர். அண்ணனுக்குப் பின் தம்பி, இதில் தேர்வு எங்கிருந்து வந்தது என்று தோன்றும். பெரிய தவறே இந்த எண்ணம்தான்.

இந்த அண்ணன் தம்பியின் யாகியெல்லோ வம்சத்துக்கு லித்துவேனியா அப்பன் சொத்து. போலந்து அப்படியில்லை. வம்சத்தின் முதல்வர், அவர்களின் தந்தை யோகைலா, 1386-இல் ஞானஸ்நானம் பெற்று, போலந்தின் அரியணையில் இருந்த யாத்விகாவை மணந்து போலந்தின் மன்னரானவர். போலந்தை முன்பு ஆண்ட பியாஸ்ட் வம்சத்தின் ரத்தம் யாத்விகாவிடம்தான் ஓடியது. 1399-இல் அவரும் பிறந்த குழந்தையும் அடுத்தடுத்து இறந்துபோக, யோகைலாவுக்கு ஆண்பிள்ளைகள் பிறந்ததே நான்காம் மனைவி சோஃபியாவிடம், 1424 முதல். அந்தப் பிள்ளைகளிடம் பியாஸ்ட் ரத்தம் இல்லை. எனவே பிரபுக்கள் பேரம் பேசினார்கள்: சலுகை கொடு, மகனை ஏற்கிறோம். 1426-இல் வென்சிட்சாவில் மன்னர் சலுகைகளை உறுதிசெய்ய மறுத்ததும், மகனின் உரிமையை ஒப்புக்கொண்ட பத்திரத்தை அவர் கண்ணெதிரிலேயே வாளால் வெட்டிப்போட்டார்கள். 1430-இல் யெட்ல்னாவில் யோகைலா இறங்கிவந்தார். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் எந்தப் பிரபுவையும் சிறைப்பிடிப்பதில்லை என்ற வாக்குறுதி அப்படிக் கிடைத்ததுதான்.

வம்சத்தின் துருப்புச்சீட்டு லித்துவேனியா. எங்களை விட்டால் அதுவும் போகும் என்பதே போலந்துக்காரர்களிடம் அவர்கள் சொல்லாமல் சொன்னது. காசிமிர் அவசரப்படவே இல்லை. 1446-இல் மசோவியாவின் பியாஸ்ட் பிரபு போலெஸ்வாவை மன்னராக்கிவிடுவோம் என்று பிரபுக்கள் மிரட்டிப் பார்த்தார்கள். நான் அழுத்திய பொத்தானை அவர்களும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அழுத்தவில்லை! 1447-இல் காசிமிர் முடிசூடினார்.

அடுத்த தவறு, 1386-லேயே போலந்தும் லித்துவேனியாவும் ஒரே நாடாகிவிட்டன என்று நினைப்பது. 1385-இல் கிரேவாவில் யோகைலா கொடுத்த பத்திரத்தில், தன் நிலங்களைப் போலந்து மகுடத்தோடு சேர்ப்பதாக 'அப்ளிகாரே' என்ற லத்தீன் சொல் வருகிறது. விழுங்குவதா, பக்கத்தில் வைப்பதா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நடைமுறையில் யோகைலாவின் பங்காளி விதாவுதாஸ் லித்துவேனியாவைத் தனி அரசாகவே ஆண்டார். 1430-இல் தனக்கென்று ஒரு மகுடம் வரவழைக்கக்கூட ஏற்பாடு செய்தார், அது வந்துசேருமுன் இறந்துபோனார். இரண்டும் ஒரே குடியரசானது 1569-இல், லுப்லினில். கேமில் 50 வருடம் கழித்து இணைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். வரலாற்றில் 183 வருடம் ஆயிற்று. கேமில் இணைக்கும்வரை பிரெஸ்டீஜை, அதாவது உங்கள் நாட்டின் கௌரவப் புள்ளியை, பூஜ்யத்துக்குக் கீழே விடாதீர்கள். அந்த நிலையில் மன்னர் இறந்தால் பர்சனல் யூனியன், அதாவது இரு நாட்டுக்கும் ஒரே மன்னர் என்ற ஏற்பாடு, முறிந்துவிடும்.

லித்துவேனியா என்றதும் இன்றைய சின்ன நாட்டை நினைப்பதும் தப்பு. இன்றைய பெலாரஸ் முழுக்கவும் உக்ரைனின் பெரும்பகுதியும் அதற்குள் இருந்தன. மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், அரசு ஆவணங்கள் பெரும்பாலும் ருத்தேனிய மொழியில் (பெலாரசிய, உக்ரைனிய மொழிகளின் மூதாதை). கேமில் கத்தோலிக்கப் போலந்தை ஆடும்போது மதமும் பண்பாடும் ஏன் இவ்வளவு தலைவலி தருகின்றன என்பது இதிலிருந்தே புரியும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் யாத்விகாவின் கதையை ஆடுகிறவர்கள் அவரை ராணி என்றே நினைக்கிறார்கள். 1384-இல் பத்து வயதில் முடிசூடியபோது அவருக்குக் கிடைத்த பட்டம் 'ரெக்ஸ்', அதாவது மன்னர். யாரோ ஒருவரின் மனைவியாக அவர் அந்த அரியணைக்கு வரவில்லை. யோகைலாதான் அவருடைய கணவராக அங்கே வந்துசேர்ந்தவர்.

குருசேடர் கிங்ஸ் 3 ஆடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: வாரிசுச் சட்டத்தை முதல் நாளே திறந்து பாருங்கள். 1138-இல் போலந்தை ஆண்ட மூன்றாம் போலெஸ்வாவ் நாட்டை மகன்களுக்குப் பங்கு வைத்துவிட்டு இறந்தார். சிதறிய துண்டுகளில் முக்கியமான சிலவற்றைச் சேர்த்து அதே பியாஸ்ட் வம்சத்து வொக்கியெதெக் கிராகோவில் முடிசூடியது 1320-இல்.