ஃபால்ட் எண்ணெயை அடைக்குமா, கசியவிடுமா? வரைதாளில் பார்க்கலாம்

ஃபால்ட் என்பது பாறை அடுக்குகள் உடைந்து, ஒரு பக்கம் நழுவி இறங்கிய பிளவு. "ஃபால்ட் இருக்கிறது, ஆகவே எண்ணெய் நின்றுவிடும்" என்று எழுதிக் கொடுத்த என் ஒப்படைப்பு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய கூவே லாப்பிஸ் என்ற நிற நிறமான அடுக்குப் பலகாரம்தான் விஷயத்தை விளங்க வைத்தது. எண்ணெய் உருவாகும் மூலப்பாறை, அது தேங்கும் மேல்மடிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கூவேயைச் சாய்வாக வெட்டுங்கள். சிவப்பு, எண்ணெய் ஊடுருவும் மணற்கல்; வெள்ளை, அதை விடாத களிப்பாறை. ஒரு பாதியை ஓர் அடுக்கு இறக்கினால் சிவப்புக்கு எதிரே வெள்ளை, எண்ணெய் நிற்கும். இரண்டு அடுக்கு இறக்கினால் மறுபடி சிவப்புக்குச் சிவப்பு, கடந்து போய்விடும். பிறகு சாப்பிடலாம்.

படி 2: வரைதாளில் 2,000 முதல் 2,040 மீட்டர் ஆழம் வரை மணல், அதன் மேலும் கீழும் 60 மீட்டர் களி. மறுபக்கம் 60 மீட்டர் இறங்கியிருந்தால் மணலுக்கு எதிரே முழுதும் களி. 30 மீட்டர்தான் என்றால் 2,030 முதல் 2,040 வரை மணலோடு மணல்.

படி 3: நான் சறுக்கிய இடம் இது. இறக்கம் ஃபால்ட் நெடுக ஒரே அளவு அல்ல. பெரும்பாலும் நடுவில் அதிகம், இரு நுனிகளிலும் பூஜ்யம். நானோ நடுவில் ஒரே வெட்டுமுகம் வரைந்து, 60 மீட்டரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஃபால்ட் தளத்தையே ஒரு சுவராக நினைத்து, இருபக்க அடுக்குகளையும் அதன்மேல் இரண்டு நிறப் பென்சிலில் வரையுங்கள். இதுதான் ஆலன் வரைபடம். மணலும் மணலும் தொடும் இடங்களில் மிக மேலே இருப்பது எதுவோ, அந்த ஆழம் வரைதான் எண்ணெய் தேங்கும்.

படி 4: தொட்டாலும் உடனே கைவிடாதீர்கள். நழுவும்போது களி இழுபட்டுப் பிளவில் பூசிக்கொள்ளும். மணல் தொடும் புள்ளியைக் கடந்து நழுவிய 30 மீட்டரில், மணலுக்கு இடையே உள்ள மெல்லிய களிகள் சேர்ந்து 6 மீட்டர் என்றால் 20 சதவீதம். இதுதான் ஷேல் கவுஜ் ரேஷியோ, அதாவது நழுவிய பகுதியில் களியின் பங்கு. 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டினால் அடைக்கத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு.

மென்பொருள் வேண்டுமென்றால் ஓப்பன்டெக்ட் இலவசம். பழகுவதற்கு வட கடலின் எஃப்3 நில அதிர்வுத் தரவும் இலவசம். ஆனால் முதல் மூன்று ஃபால்ட்டையாவது பென்சிலில் போடுங்கள். எஃப்3-இன் செங்குத்து அச்சு மீட்டர் அல்ல, அலை போய்த் திரும்பும் நேரம், மில்லிவினாடியில்.

சேர்க்கை: சரவாக்கின் பாராம் டெல்டா படத்தில் இருபக்கமும் ஒரே அடுக்கின் கனம் பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அங்கே வண்டல் படியப் படியவே ஃபால்ட்டும் நழுவியது. இறங்கிய பக்கம் அதிகம் படிந்தது. கூவே கணக்கு அங்கே செல்லாது. ஒவ்வோர் அடுக்குக்கும் இறக்கத்தைத் தனியாக அளந்து போடுங்கள். கீழே போகப் போக அது கூடும்.