நடைப்பயிற்சி மட்டும் போதுமா? அறுபதுக்கு மேல் நாம் செய்யும் தவறுகள்

என் அப்பாவுக்கு வயது 71. பத்து வருடமாக விடிகாலையில் எழுந்து மைதானத்தை எட்டுச் சுற்று நடந்துவிட்டு வந்தால்தான் காபி. போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் தரையில் பந்தி. சாப்பிட்டு இலையை மூடியவர் எழப் பார்த்தார், முடியவில்லை. கையை ஊன்றி முழங்காலைத் தூக்கினார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் பக்கத்து இலைக்காரர் கைகொடுத்துத் தூக்கினார். "தினமும் நடக்கிறேனே, அப்புறமும் ஏன் இப்படி?" என்று வழியெல்லாம் புலம்பல்.

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் உட்கார்ந்து எழத் தேவையான தொடைத்தசைக்கு அது போதாது. முப்பதைத் தாண்டினாலே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரையில், 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்று இருக்கிறது. நம் ஆட்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதற்கு ஜிம் வேண்டாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருங்கள். தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், பலனே அங்கேதான். தடுமாற்றத்துக்கு, பால் பொங்கும் வரை சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கலாம். மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மட்டும் டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

"இந்த வயசுல இனிமே எங்க?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய சிலருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்த ஆய்வு 1990இலேயே வந்துவிட்டது.

அடுத்த தவறு பெரியவர்களுடையது இல்லை, நம்முடையது. "நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று துணி உலர்த்துவதிலிருந்து தேங்காய் துருவுவது வரை பிடுங்கிக்கொள்கிறோம். காய்ச்சல் வந்துவிட்டாலோ பத்து நாள் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. ஓய்வு வேண்டும், சரி. எழ முடிகிற அளவு தேறியதும் வாசல் வரையாவது நடக்க விடுங்கள்.

சாப்பாட்டில், "வயசானா ராத்திரி ரெண்டு இட்லி போதும்" என்பது பழகிப்போன பேச்சு. பசி குறையலாம், தசைக்கு வேண்டிய புரதம் குறையாது. இரண்டு இட்லியில் கிடைப்பது சொற்பம். கூடவே முட்டை, சுண்டல், கெட்டியான பருப்பு, மீன், தயிர் என்று ஏதாவது ஒன்று வேளாவேளைக்கு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறதி வந்தால் "வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடுவதும் தவறு. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம் எல்லாமே மறதி போலத் தலைகாட்டும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மினைப் பல வருடம் விழுங்குபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மறதி வராமலிருக்கச் சுடோகு போடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் அதைவிட முக்கியம் காது. மறதிநோய்க்கு வழிவிடும், நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு தொகுத்தபோது, அந்தப் பட்டியலில் செவித்திறன் குறைவும் இருந்தது. காது கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்குகிறார். வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது தானும் சும்மா சிரித்துவைக்கிறார். என் பெரியப்பா அப்படித்தான் இருந்தார். காதுக் கருவி வாங்கி ஒரே வாரத்தில் பீரோவுக்குள் போய்விட்டது. "மிக்சி சத்தம் மண்டையைப் பிளக்குது" என்றார். பழகச் சில வாரம் ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வாங்கிய இடத்துக்கே மூன்று தடவை கூட்டிப்போய்ச் சத்தத்தைச் சரிசெய்த பிறகுதான் காதிலேயே தங்கியது. இப்போது டிவி சத்தம் பாதியாகிவிட்டது, பெரியம்மாவோடு சண்டையும் போடுகிறார்.