361 மீட்டர்தானே என்று கிளம்பாதீர்கள்

ஸ்காட்லாந்து மலைகள் என்றதும் பேச்சு மன்ரோக்களுக்குத்தான் போகும். 3000 அடி, அதாவது 914.4 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் அவை. ஆனால் அதில் பாதி உயரம்கூட இல்லாத கானிக் ஹில், பென் ஆன் போன்ற குன்றுகளில் கிடைக்கும் காட்சி பல மன்ரோக்களில் கிடைக்காது. பெரிய மலைகள் மேகத்துக்குள் முங்கிக் கிடக்கும் நாளில்கூட இவற்றின் உச்சி பளிச்சென்று இருப்பதுண்டு. சிக்கல் என்னவென்றால், சின்னக் குன்றுதானே என்று ஆட்கள் அசட்டையாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

கானிக் ஹில்லின் உயரம் 361 மீட்டர். ஏறத் தொடங்கும் பால்மஹா, லாக் லோமண்ட் ஏரிக்கரை ஊர். ஏரியோ கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர்கூட உயரத்தில் இல்லை. ஆக, அந்த 361 மீட்டரில் பெரும்பகுதியையும் உங்கள் கால்தான் ஏற வேண்டும். நேரம் கணிக்க 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கே போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போட்டோ எடுப்பதும் டீ குடிப்பதும் இதில் சேராது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹெட்டார்ச்சும் இல்லாமல் கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அடையாளச் சின்னத்தை மட்டும் நம்பி நடப்பது அடுத்த தவறு. வெஸ்ட் ஹைலண்ட் வே என்ற நெடும்பாதை இந்தக் குன்றின் வழியாகத்தான் போகிறது. ஆனால் அதன் திஸில் பூச் சின்னத்தையே பிடித்துக்கொண்டு போனால், உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவை ஒட்டிப் போய் டிரிமன் ஊர்ப் பக்கம் இறங்கிவிடுவீர்கள். உச்சிக்குப் பிரியும் தடத்தில் திரும்ப வேண்டும். மேலே போனதும் ஏரியைப் பாருங்கள்: தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கிடக்கும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவான ஹைலண்ட் எல்லைப் பிளவு ஓடும் கோடு அது. நிலவியல் பாடத்தை இவ்வளவு அழகாக யாரும் கரும்பலகையில் வரைந்துவிட முடியாது.

கார் நிறுத்துமிடத்தில் வெயில் அடிக்கிறதென்று ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாகப் போகாதீர்கள். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உச்சியில் காற்று அறையும். நகரத்து வானிலை அறிக்கையை விட்டுவிட்டு மலைக்கான அறிக்கையைப் பாருங்கள். ஷூ விஷயம் இறங்கும்போதுதான் தெரியும். 454 மீட்டர் பென் ஆனில் மேல்பகுதி செங்குத்தான கல்படிகள். மழை பெய்தால் தேய்ந்த ஷூ அங்கே நிற்காது.

உச்சியைத் தொட்டே தீருவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். 612 மீட்டர் உயரமுள்ள ஸ்டாக் பாலி என்ற மலையின் உண்மையான உச்சிக்குப் பாறையைக் கையால் பிடித்து ஏறியாக வேண்டும். பழக்கமில்லாதவர்கள் முகட்டிலேயே நின்று சூல்வென் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். காட்சியில் ஒரு குறையும் இல்லை.

மே முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்க்கும். காற்றடிக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். புதருக்குள் நடந்திருந்தால் வீடு திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதனால்தான் பரவுகிறது. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் நடக்க உரிமை தருகிறது, பொறுப்பாக நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆடுகள் குட்டி போடும் வசந்தகாலத்தில் நாயை அவிழ்த்துவிடுவது அதில் சேராது.

அப்புறம், அடிபட்டால் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக்குழு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள். செலவுக்குப் பயந்து இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.