பழனியோடு சேர்த்துக் கொடைக்கானல் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து இந்தியா போகிற குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மதுரை, திருச்செந்தூர், பழனி, வேளாங்கண்ணி, உடுப்பு வாங்கச் சென்னையில் இரண்டு நாள், அப்புறம் பிள்ளைகள் கேட்டதற்காகக் கொடைக்கானல். முருகனுக்கு உகந்த நாள் என்று பழனியை வெள்ளிக்கிழமையில் வைப்பார்கள், அதனால் கொடைக்கானல் தானாகவே சனி, ஞாயிறில் போய் விழுந்துவிடும். எல்லாப் பிழையும் இங்கேதான் தொடங்குகிறது. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று பாதித் தமிழ்நாடும் மலையேறுவது அந்த இரண்டு நாளில்தான், அவர்களுக்கு லீவு அன்றைக்குத்தான் என்பதால் வேறு வழியில்லை. கடல் தாண்டி, கிழமைக்கணக்கில் லீவு போட்டுவிட்டுப் போகிற நமக்கு என்ன கட்டாயம்? செவ்வாய், புதன், வியாழன் என்று வையுங்கள். அறை வாடகை குறையும், ஏரியைச் சுற்றி ஆறுதலாக நடக்கலாம், தூண்பாறைக்குப் போகிற வழியில் வானுக்குள்ளேயே அரை நாளைக் கழிக்க வேண்டி வராது.

அடுத்தது தூரக் கணக்கு. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற தூரம்தானே, சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று நம்மட ஆக்கள் நினைக்கிறார்கள். அது கடற்கரையோரமாகப் போகிற சமதரை வீதி. இதுவோ கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊருக்கு வளைந்து வளைந்து ஏறுகிற ஒடுக்கமான மலைப்பாதை, இரண்டரை மூன்று மணித்தியாலம் பிடிக்கும். காலையில் பொங்கல், வடை, அதற்கு மேல் பஞ்சாமிர்தம் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு, போனைப் பார்த்தபடி பின்சீட்டில் இருக்கிற பிள்ளை பாதி வழியிலேயே சத்தி எடுக்கும். இட்லி இரண்டோடு நிறுத்துங்கள், தலைசுற்றுகிறவர்களை முன்னுக்கு இருத்துங்கள், குளிசை குடிப்பதென்றால் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே குடிக்க வேண்டும்.

இப்போது கடதாசி விசயம். நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். நாமும் தமிழ், அவர்களும் தமிழ், என்ன பிரச்சினை என்று அறை பதியாமல் போய் இறங்குகிறார்கள். இரவு ஏழு மணி, குளிர், தூக்கத்தில் பிள்ளைகள், வரவேற்பு மேசையில் இருக்கிற தம்பி கேட்பார், "ஆதார் கார்டு குடுங்க." நம்முடைய அடையாள அட்டை அங்கே செல்லாது. கடவுச்சீட்டை நீட்டியதும் அவர் முகம் மாறும். காரணம் இதுதான்: வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணித்தியாலத்துக்குள் அதற்கான படிவம் மூலம் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்தப் பதிவு வசதி இல்லாத சின்ன லொட்ஜ்களும் கொட்டேஜ்களும் நம்மை ஏற்கத் தயங்கும், ஏற்கவும் கூடாது. ஆகவே பதிவு செய்யும்போதே "நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு, தங்க வைப்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்டு, பதிலை வாட்சப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடவுச்சீட்டின் படப் பக்கமும் விசாவும் ஆளுக்கு இரண்டு மூன்று பிரதி கையில் இருக்கட்டும். விசா போனில்தான் இருக்கிறது என்றால், மேலே போய்ப் பிரிண்ட் எடுக்கக் கடை தேடி அலைய வேண்டும்.

இ-பாஸையும் மறந்துவிடுகிறார்கள். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். வெளிநாட்டவர் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதியலாம், இந்திய நம்பர் இல்லையே என்று யோசிக்கத் தேவையில்லை. சாரதி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், முதல் நாளே அவரிடம் பாஸைக் காட்டச் சொல்லுங்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தக் கரைச்சலே இல்லை. சாரதியோடு பேசும்போதே பேட்டா, மலைக்கான மேலதிகக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் தொகையா என்றும் கேட்டுவிடுங்கள். வானுக்குள் சின்னத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு போகாதீர்கள், 5 லீற்றருக்குக் குறைந்த பிளாஸ்டிக் போத்தலுக்கு அங்கே தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் போத்தல் கொண்டுபோனால் போதும்.

காசு கையில் வேண்டும். சோளம் சுட்டு விற்கிற அக்காவும் கியூ.ஆர். அட்டைதான் வைத்திருப்பார், இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நம்மில் பலருக்கு அது உதவாது. சில்லறை நோட்டுகளாகப் பழனியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். போன பயணத்தில் மிஞ்சியது என்று அலுமாரியில் கிடக்கிற 2,000 ரூபாய் நோட்டை நம்பிப் போகாதீர்கள், 2023இல் அதைப் புழக்கத்திலிருந்து எடுக்க அறிவித்துவிட்டார்கள், கடையில் வாங்க மாட்டார்கள்.

குளிரைப் பற்றி ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழேயும் போகும். சாரமும் பருத்திச் சட்டையுமாகப் போனவர்கள் நடுங்கிப்போய் அறைக்குள் கரி அடுப்பு கேட்பதுண்டு. பூட்டிய அறைக்குள் கரி எரிப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வருகிற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தடித்த கம்பளி இன்னொன்று கேட்டு வாங்குங்கள், வயதானவர்களுக்கு மேசும் குல்லாவும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். இரவில் கடைத்தெருப் பக்கம் காட்டெருமை வரும். வயலில் நிற்கிற நம்முடைய எருமை போலப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

பார்க்கிற இடங்களிலும் ஒரு குறை. ஒரே நாளில் பைன் காடு, தூண்பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு என்று ஓடி, மத்தியானத்துக்குப் பிறகு போய் நின்றால் மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. காலையில் வெள்ளெனப் போங்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலை நம்மவர்கள் விடவே கூடாது. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி, அதாவது லேடி ராமநாதன், 1936இல் கட்டுவித்த கோயில் அது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும். கீழே கும்பிட்டுவிட்டு வந்த மலையை மேலே நின்று பார்ப்பது தனிச் சந்தோசம். இன்னும் அரை நாள் இருந்தால் பூம்பாறைக்குப் போங்கள், குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டையும் விளைகிற இடத்திலேயே பார்த்து வாங்கலாம்.

கடைசியாக, இறங்குகிற அன்றைக்கே விமானம் வைக்காதீர்கள். மதுரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர்தான், ஆனால் மழைக்கு ஒரு மரம் விழுந்தால் வீதி மணிக்கணக்கில் அடைபட்டுவிடும், ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவும் வரும். முதல் நாள் மத்தியானமே இறங்கி, இரவு மதுரையில் தங்குங்கள். கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும் மட்டக்களப்புக்கு ஒரு முழு இரவுப் பயணம் இருக்கிறது.