ஜப்பானில் உரிமம் மாற்றப் பழைய பாஸ்போர்ட்டும் வேண்டும்

இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஜப்பான் உரிமமாக மாற்ற விண்ணப்பிக்கச் செல்லும்போது, காலாவதியான பழைய பாஸ்போர்ட்டையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். உரிமம் பெற்ற பிறகு, அதை வழங்கிய நாட்டில் மொத்தம் 3 மாதங்களாவது தங்கியிருந்ததை விண்ணப்பதாரர்தான் நிரூபிக்க வேண்டும். உரிமத்திலுள்ள தேதியைக் குடியேற்ற முத்திரைகளுடன் ஒப்பிட்டு நாட்களைக் கூட்டிப் பார்ப்பார்கள் என்பதால், புதிய பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தால், மொழிபெயர்ப்பு உட்பட மற்ற ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம். பழையது ஊரில் இருந்தால், அடுத்த பயணத்தில் மறக்காமல் எடுத்து வந்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் தானியங்கி குடியேற்ற வாயில் வழியாகச் சென்று முத்திரையே பெறாதவர்களுக்குப் பழைய பாஸ்போர்ட் மட்டும் போதாது. அவர்கள் வேறு பயண ஆதாரம் திரட்ட வேண்டும். உரிமம் வாங்கிய கையோடு ஜப்பானுக்குக் கிளம்பி, அந்த 3 மாதக் கணக்கு நிறையாதவர்களுக்கு எந்த பாஸ்போர்ட்டும் உதவாது.