மாதக் கட்டணம் தானாக வரவேண்டுமா? பில்லிங் மென்பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் என் தம்பி ஒரு ஜிம் நடத்துகிறான். கணக்கு வழக்கு என் பொறுப்பு. மெம்பர்கள் நூற்றைம்பது பேர் இருப்பார்கள், மாதக் கட்டணம் 1,500 ரூபாய். ஆரம்பத்தில் நீள நோட்டில் பெயர் எழுதி, பணம் வந்ததும் டிக் போட்டுக்கொண்டிருந்தோம். மாதம் முதல் பத்து நாளும் தம்பிக்குப் பயிற்சி சொல்லித்தர நேரம் இருக்காது, பாக்கி கேட்பதே வேலையாக இருக்கும். கேட்பதற்கு அவனுக்குக் கூச்சம், கேட்கப்படுவதற்கு மெம்பருக்குக் கூச்சம். இரண்டு மாதம் பாக்கி விழுந்தவர் மூன்றாவது மாதம் கண்ணிலேயே படமாட்டார். அதனால்தான் கட்டணத்தைத் தானாக எடுக்கும் மென்பொருளுக்குப் போனோம். இதுவரை இரண்டு முறை மாற்றியும் விட்டோம்.

ஜிம், யோகா வகுப்பு, பாட்டு வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, தனியார் வாசகசாலை என்று மாதாமாதம் கட்டணம் வாங்கும் எந்தத் தொழிலுக்கும் இந்தத் தேர்வு வரும். பெரும்பாலும் நாம் மென்பொருளின் திரையைப் பார்த்து முடிவு செய்கிறோம். பார்க்க வேண்டியது மெம்பரின் வங்கிக் கணக்கிலிருந்து நம் கணக்குக்குப் பணம் நடந்து வரும் பாதையை. நாங்கள் செய்த தவறு ஒவ்வொன்றும் அந்தப் பாதையைக் கவனிக்காததால் வந்தது.

பணம் வரும் நாளை மட்டும் பார்ப்பது

டெமோ காட்ட வருபவர் எப்போதும் பணம் வெற்றிகரமாக வந்த திரையைத்தான் காட்டுவார். பச்சை நிறம், மொத்த வசூல், வரைபடம். நாம் கேட்க வேண்டியது, “கணக்கில் பணம் இல்லையென்றால் என்ன நடக்கும்? காட்டுங்கள்” என்பதை.

எங்கள் முதல் மென்பொருள் ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி ஈ-நாச் (மெம்பரின் வங்கிக் கணக்கிலிருந்தே தானாகப் பணம் எடுக்கும் முறை) வழியாகப் பணம் எடுக்கும். வரவில்லையென்றால் மறுநாள் மறுபடி முயலும். தேதியை மாற்ற நமக்கு வழியில்லை. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பையனுக்கு 7-ஆம் தேதிதான் சம்பளம் ஏறும். கணக்கில் பணம் இல்லாமல் இரண்டு முயற்சியும் பவுன்ஸ் ஆனது. அவன் வங்கி ஒவ்வொரு பவுன்சுக்கும் தனித்தனியாக அபராதம் பிடித்துவிட்டது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். “அக்கா, உங்களுக்குக் காசு கட்டலைன்னு பேங்க்குக்குக் காசு கட்டியிருக்கேனுங்க” என்றான். அபராதம் மட்டுமே கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்தத் தொகையை நாங்களே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அவனைப் போல இன்னும் எத்தனை பேருக்குப் பிடித்தார்கள் என்று யோசித்தபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம்மை நம்பி வங்கிக் கணக்கைத் திறந்து கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆகவே முதலில் கேளுங்கள்: மெம்பர் ஒவ்வொருவருக்கும் தனித் தேதி வைக்க முடியுமா? மறுமுயற்சி எத்தனை நாள் இடைவெளியில் என்பதை நாம் முடிவு செய்யலாமா? முதல் முயற்சி தோற்றதும் மெம்பருக்கு ஒரு லிங்க் போய், அவர் அதிலேயே கட்டிவிட்டால் மறுமுயற்சி நின்றுவிடுமா? கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் வந்தால் ஒரே மாதத்துக்கு இரண்டு முறை பணம் எடுக்கும் விபத்து கட்டாயம் ஒருநாள் நடக்கும்.

யூபிஐ வழியாகத் தானாகப் பணம் எடுக்கும் முறைதான் ஆட்டோபே, அதில் மறுமுயற்சிக்கு வரம்பு உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு தவணைக்கு ஒரு முயற்சியும் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சிகளும்தான். அவையும் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டுமே நடக்கும்: காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். “காலை பதினொன்றுக்குப் பணம் வரவில்லையே” என்று பதறாமலிருக்க இது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, மெம்பர் தன் போனிலேயே ஆட்டோபேயை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். அது அவருடைய உரிமை. அவர் நிறுத்தியது உடனே நம் திரைக்கு வருகிறதா என்பதைச் சோதித்துப் பாருங்கள். வராத மென்பொருளில், விலகிப் போனவரைப் பாக்கிக்காரர் என்று நினைத்துப் போன் போட்டுச் சங்கடப்படுவோம்.

நம் ஊர் விதி தெரியாத மென்பொருளை வாங்குவது

வெளிநாட்டு மென்பொருள்கள் அழகாக இருக்கும். அவற்றில் பல, கார்டு எண்ணைச் சேமித்துவைத்து மாதாமாதம் தட்டினால் பணம் வரும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. இந்தியாவில் அப்படி நடக்காது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தொடர் கட்டணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் ஈ-மேண்டேட் விதி பொருந்தும். மேண்டேட் என்றால் பணம் எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர் முன்கூட்டித் தரும் ஒப்புதல். முதல் பதிவின்போது ஓடிபி போன்ற கூடுதல் உறுதி வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகவேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரரோ மென்பொருளோ கார்டு எண்ணைச் சேமிக்கவும் கூடாது, அதற்குப் பதிலான குறியீடாகிய டோக்கனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

இங்கே சிறு தொழிலுக்குச் சிக்கல் தருவது தொகை வரம்பு. ஓடிபி இல்லாமல் தானாக எடுக்கக்கூடிய தொகை 2021-ல் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. மாதம் 1,500 என்றால் கவலையில்லை. ஆனால் ஆண்டுச் சந்தா 16,000 என்று வைத்து, “அடுத்த வருஷம் தானாகப் புதுப்பிக்கும்” என்று மெம்பரிடம் சொல்லிவிட்டால், அந்த நாளில் அவர் உறுதி செய்தால்தான் பணம் வரும். மென்பொருள் அதை முன்கூட்டிச் சொல்லாது. கட்டணத்தை அரையாண்டாகப் பிரிப்பதா, ஈ-நாச் பக்கம் போவதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேண்டேட் பதியும்போது இரண்டு வகை உண்டு. இவ்வளவுதான் எடுப்போம் என்ற நிலையான தொகை, அல்லது இதற்கு மேல் எடுக்கமாட்டோம் என்ற உச்சத் தொகை. நிலையான தொகையில் பதிந்துவிட்டால் நாளை கட்டணத்தை 1,600 ஆக்கும்போது நூற்றைம்பது பேரையும் மறுபடி பதியச் சொல்லவேண்டும். உச்சத் தொகையை 15,000 என்று போட்டாலோ, 1,500 ரூபாய் கட்டுபவர் போனில் அந்த எண்ணைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார், அது நியாயமும்கூட. நாங்கள் 2,500 என்று வைத்தோம். எதற்காக அந்த எண் என்று ஒவ்வொருவருக்கும் வாயால் விளக்கினோம். அந்த இரண்டு நிமிடப் பேச்சை எந்த மென்பொருளும் நமக்காகப் பேசாது.

நம் மெம்பர்களை மறந்து பிளானைப் பார்ப்பது

எங்கள் ஜிம்மில் கார்த்திகை பிறந்தால் முப்பது பேராவது மாலை போடுவார்கள். “ஒரு மண்டலம் வரமாட்டேனுங்க, நிறுத்தி வைங்க” என்பார்கள். மார்ச், ஏப்ரலில் கல்லூரிப் பையன்கள் பரீட்சைக்குப் போய்விடுவார்கள். ஒருவருக்குக் கால் பிசகும், ஒருவர் ஊருக்குப் போவார். நிறுத்திவைத்து மீண்டும் தொடங்குவது எங்கள் தொழிலில் விதிவிலக்கே இல்லை, அன்றாடம். முதல் மென்பொருளில் நிறுத்திவைக்கும் வசதி இல்லை, ரத்துதான் செய்யமுடியும். ரத்தானவர் மாலையைக் கழற்றிவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து மேண்டேட். சிலர் அந்தச் சலிப்பிலேயே வரவில்லை.

இதைப் போலவே ரொக்கம். எல்லோரும் ஆட்டோபேக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்து மென்பொருள் வாங்காதீர்கள். மேசைமேல் இருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்பவர்கள், கையில் கொடுப்பவர்கள், “ஆயிரம் இப்போ, ஐநூறு அப்புறம்” என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். இவை எல்லாம் ஒரே கணக்கில், ஒரே ரசீது வரிசையில் ஏறவேண்டும். இல்லையென்றால் மென்பொருளும் இருக்கும், பழைய நீள நோட்டும் இருக்கும், மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு கற்பனை மெம்பரை ஜனவரி 31-ஆம் தேதி சேருங்கள். பிப்ரவரியில் எந்தத் தேதி காட்டுகிறது, மார்ச்சில் மறுபடி 31-க்கு வருகிறதா என்று பாருங்கள். பிறகு அவரை இருபது நாள் நிறுத்திவையுங்கள். பாதித் தொகையை ரொக்கமாக வரவு வையுங்கள். கடைசியாக ரத்து செய்து மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை. இந்த நான்கிலும் தடுமாறாத மென்பொருள் அபூர்வம், எங்கே தடுமாறுகிறது என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது

2025 செப்டம்பர் 22 அன்று ஜிம், யோகா மையம் போன்ற சேவைகளுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது, உள்ளீட்டு வரி வரவு (நாம் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல். 1,500 ரூபாய்க்கு வரியோடு 1,770 வாங்கியவர் அன்றிலிருந்து 1,575 வாங்கவேண்டும். அதுவும் மாத நடுவில். வரி விகிதத்தைத் தேதி வாரியாக மாற்றத் தெரிந்த மென்பொருளில் இது ஐந்து நிமிட வேலை. பிளானின் விலைக்குள்ளேயே வரியைப் புதைத்துவைத்த மென்பொருளில் ஒவ்வொரு பிளானையும் புதிதாக உருவாக்கி மெம்பர்களை ஒவ்வொருவராக நகர்த்தவேண்டும். நிலையான தொகை மேண்டேட் என்றால் நிலைமை இன்னும் மோசம். வரி மறுபடியும் மாறலாம், அதற்குத் தயாரான மென்பொருளாக இருக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாகப் பதிவே தேவையில்லை. பதியாதவர் ரசீதில் ஜிஎஸ்டி என்ற சொல்லே வரக்கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருப்பவர் மெம்பரிடம் தனியாக வரி வாங்கமுடியாது, வரி காட்டாத ‘பில் ஆஃப் சப்ளை’தான் தரவேண்டும். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதற்கான ரசீதை மென்பொருள் அச்சடிக்கிறதா என்று ஒன்றை எடுத்து ஆடிட்டரிடம் காட்டிக் கேளுங்கள். பதிந்தவர் ஆண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்கினால், முன்பணம் வந்த மாதமே முழுத் தொகைக்கும் வரிப் பொறுப்பு வருவது வழக்கம். வரியையும் சேர்த்துச் செலவழித்துவிட்டு அடுத்த மாதம் 20-ஆம் தேதி வரி கட்டத் திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத வாடகையில் பேரம் பேசி, சதவீதத்தை விட்டுவிடுவது

மென்பொருளுக்கு மாதம் 1,200 கேட்டார்கள், 900-க்குப் பேசி முடித்தோம் என்று மகிழ்ந்தோம். மெம்பரிடமிருந்து பணத்தை வாங்கி நம் கணக்குக்கு அனுப்பும் இடைச் சேவையான கேட்வேயின் கட்டணத்தைக் கணக்கிடவே இல்லை. 150 பேர், 1,500 ரூபாய், மாதம் 2,25,000. கேட்வே 2 சதவீதம் எடுத்தால் 4,500, அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 810. மொத்தம் 5,310. வருஷத்துக்கு 63,720 ரூபாய். வாடகையில் மிச்சம் பிடித்தது 3,600! சாதாரண யூபிஐ பரிவர்த்தனைக்கு 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் (பணம் வாங்கும் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம்) கிடையாது, ஆனால் ஆட்டோபேக்கு கேட்வேக்கள் தனியாகச் சேவைக் கட்டணம் வைக்கலாம். ஈ-நாச்சில் பதிவுக்கு ஒரு தொகை, ஒவ்வொரு முறை எடுப்பதற்கு ஒரு தொகை, பவுன்ஸ் ஆனாலும் ஒரு தொகை என்று இருக்கும். உங்கள் எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற கேட்வேக்களே தொடர் கட்டண வசதி தருகின்றன. ஜோஹோ பில்லிங், சென்னையில் தொடங்கிய சார்ஜ்பீ போன்றவை கேட்வேயோடு இணைந்து வேலை செய்பவை. ஒரே ஒரு மாதக் கட்டணம் வாங்கும் சிறு தொழிலுக்கு முதல் வகையும் ஒரு எக்செல் தாளும் போதுமானதாக இருக்கலாம்.

கேட்வே கணக்கு யார் பெயரில் என்று பார்க்காதது

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேட்வே கணக்கு உங்கள் தொழிலின் பெயரில், உங்கள் கேஒய்சி-யில் இருக்கவேண்டும். செட்டில்மென்ட், அதாவது வசூலான பணம், நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். மென்பொருள் நிறுவனம் தன் கணக்கில் வாங்கி வாராவாரம் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெம்பருக்கு வரும் வங்கிச் செய்தியில் உங்கள் ஜிம்மின் பெயர் வரவேண்டும். முன்பின் தெரியாத பெயரில் 1,500 போனால் அவர் திருட்டு என்றுதான் நினைப்பார்.

வெளியே வரும் வழியைக் கேட்காமல் உள்ளே போவது

2023-ல் முதல் மென்பொருளை விட்டு வந்தபோது மெம்பர் பட்டியல் எக்செல்லாகக் கிடைத்தது. பெயர், போன், சேர்ந்த தேதி எல்லாம் இருந்தது. ஆனால் மேண்டேட் ஒன்றுகூட வரவில்லை. அந்த ஒப்புதல்கள் பழைய நிறுவனத்தின் கேட்வே வழியாகப் பதிவானவை, புதிய இடத்தில் செல்லாது என்றார்கள். தானாகக் கட்டிக்கொண்டிருந்த 90 பேரிடம் மறுபடி போய் நின்றோம். 61 பேர் பதிந்தார்கள். பலர் ரொக்கத்துக்குத் திரும்பினார்கள், சிலர் அத்தோடு நின்றுவிட்டார்கள்.

இப்போது இருப்பதை வாங்கும்போது மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். கேட்வே கணக்கு எங்களுடையது, மென்பொருளை மாற்றினாலும் அந்தக் கணக்கில் பதிவான மேண்டேட்டுகளை நாங்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம், ரசீதுகளும் கட்டண வரலாறும் எந்த நேரமும் எக்செல்லாக எடுக்கலாம். பதில் வர ஒன்பது நாள் ஆனது. அது வரும்வரை அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். பதில் வந்த பிறகும் முதல் மாதம் பத்துப் பேரை மட்டும்தான் ஏற்றினோம். முதலில் ஏறியது ஜவுளிக்கடைப் பையன், அவனுக்கு 9-ஆம் தேதி.